உடற்பயிற்சி, உணவு, மகப்பேறு: கணக்கு எங்கே தவறுகிறது?



திருமணமாகி ஓராண்டு கடந்துவிட்டால் போதும். கோயிலிலும் கல்யாண மண்டபத்திலும் சந்திப்பவர்கள் எல்லாரும் அந்தப் பெண்ணிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "என்னம்மா, விசேஷம் ஏதும் உண்டா?" கேட்பவருக்கு அது நலம் விசாரிப்பு. கேட்கப்படுபவளுக்கு அது முள். அதே கேள்வியைப் பக்கத்தில் நிற்கும் கணவரிடம் யாரும் கேட்பதில்லை. பிள்ளைப்பேறு தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது என்பதை மருத்துவம் எப்போதோ கண்டறிந்து சொல்லிவிட்டது. ஆகவே சோதனை என்று வந்தால் இருவருக்கும் சோதனை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இன்றைய பேச்சு பெண்ணின் பக்கத்தில் உள்ள ஒரு சிறு பகுதியைப் பற்றியது. உடற்பயிற்சிக்கும் உணவுக்கும் கருத்தரிப்புக்கும் என்ன தொடர்பு என்பதே அது. சிறு பகுதிதான், ஆனால் குழப்பம் மிகுந்த பகுதி. ஒரே வீட்டில் மாமியார், "ஓடாதே, குதிக்காதே, கருப்பை அசைந்துவிடும்" என்பார். மருந்தகத்தில் மருத்துவர், "எடையைக் குறையுங்கள், நடங்கள், ஓடுங்கள்" என்பார். கைப்பேசியில் பார்க்கும் காணொளியோ, சோற்றையே விட்டுவிடச் சொல்லும். அந்தப் பெண் யார் பேச்சைக் கேட்பது?

கருப்பை ஓடுவதால் அசைந்துவிடுவதில்லை. அதை முதலில் ஒதுக்கிவிடலாம். ஆனால் மிகுந்த பயிற்சி செய்யும் பெண்கள் சிலருக்கு மாதவிடாய் தள்ளிப்போவதும், நின்றே போவதும் உண்மை. அதற்குக் காரணம் என்ன என்பதைக் கண்டுபிடிக்க ஆய்வாளர்களுக்கு ஏறத்தாழ 30 ஆண்டுகள் பிடித்தன. அந்தக் கதை கேட்கத் தகுந்தது.

1974ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோஸ் ஃபிரிஷ் ஒரு கருத்தை வெளியிட்டார். பெண்ணின் உடம்பில் குறைந்தது இவ்வளவு கொழுப்பு இருந்தால்தான் மாதவிடாய் ஒழுங்காக வரும் என்பது அவருடைய வாதம். பெண் பூப்படைய உடல் எடையில் ஏறத்தாழ 17 விழுக்காடு, அதன்பின் மாதவிடாய் ஒழுங்காகத் தொடர 22 விழுக்காடு என்று கணக்கும் கொடுத்தார். கர்ப்பமும் பாலூட்டலும் பெரும் சக்தியை விழுங்குபவை. சேமிப்பு இல்லாத வீட்டில் விருந்து வைக்க முடியாது என்பது போன்ற வாதம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பலரும் ஏற்றுக்கொண்டனர்.

ஆனால் முரண்பாடுகள் தோன்றின. நியூயார்க்கில் மிஷேல் வாரன் என்ற மருத்துவர் பாலே நடனம் பயிலும் இளம்பெண்கள் 15 பேரைத் தொடர்ந்து கவனித்து, 1980இல் தம் முடிவுகளை வெளியிட்டார். காலில் அடிபட்டு ஓய்வெடுத்த காலத்தில் அவர்களுக்கு மாதவிடாய் வந்தது. ஆனால் எடை அவ்வளவாகக் கூடவில்லை. கொழுப்புதான் காரணம் என்றால், கொழுப்பு கூடாமலே எப்படி மாதவிடாய் திரும்பியது?

அப்படியானால் பயிற்சி தரும் அழுத்தமே குற்றவாளியா? 1985இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வு ஒன்று அப்படித்தான் எண்ண வைத்தது. ஒழுங்காக மாதவிடாய் வந்துகொண்டிருந்த, பயிற்சிப் பழக்கம் இல்லாத கல்லூரிப் பெண்கள் 28 பேர் அதில் கலந்துகொண்டனர். நாளுக்கு 4 மைல் ஓட்டத்தில் தொடங்கி, ஐந்தாம் வாரத்தில் 10 மைலுக்கு உயர்த்தினார்கள். கூடவே மற்ற விளையாட்டுகளும் உண்டு. பயிற்சிக் காலத்தில் மாதச் சுழற்சி மாறாமல் இருந்தவர்கள் நால்வர் மட்டுமே. எடை குறைந்த பிரிவினருக்குப் பாதிப்பு கூடுதல். எல்லாருக்கும் ஆறு மாதத்திற்குள் பழைய நிலை திரும்பிவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தச் செய்தி மட்டும் ஏனோ அதிகம் பேசப்படுவதில்லை.

முடிச்சை அவிழ்த்தவர் ஒஹாயோ பல்கலைக்கழகத்தின் ஆன் லவுக்ஸ். அவர் கேட்ட கேள்வி எளியது. பயிற்சியால் கெடுகிறதா, அல்லது பயிற்சிக்கு ஈடாகச் சாப்பிடாததால் கெடுகிறதா? ஒரே அளவு பயிற்சி செய்யும் பெண்களில் ஒரு பிரிவினருக்குச் செலவிட்ட சக்தியை உணவில் ஈடுகட்டினார். மற்றொரு பிரிவினருக்கு ஈடுகட்டவில்லை. 1998இல் வெளியான முடிவு, பயிற்சியின் அழுத்தம் தனியாக எதையும் கெடுப்பதில்லை; சக்திப் பற்றாக்குறைதான் கெடுக்கிறது என்று காட்டியது.

எதைக் கெடுக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதி இருக்கிறது. அது ஏறத்தாழ ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு ஹார்மோன் துடிப்பை அனுப்புகிறது. அதைப் பெற்றுக்கொள்ளும் பிட்யூட்டரி சுரப்பி, கருமுட்டைப் பைக்குக் கட்டளை அனுப்புகிறது. கருமுட்டை வளர்கிறது, முதிர்கிறது, வெளிப்படுகிறது. இந்தத் துடிப்பு மெதுவானால் முட்டை முதிர்வதில்லை. கருப்பையும் நலமாக இருக்கும், முட்டைப் பையும் நலமாக இருக்கும். மேலே இருந்து உத்தரவு வராது, அவ்வளவுதான். அடுப்பும் அரிசியும் இருந்தும் எரிவாயுவைத் திறக்க ஆள் இல்லாத சமையலறையைப் போல.

லவுக்ஸ் 2003இல் இன்னொரு ஆய்வை வெளியிட்டார். பயிற்சிப் பழக்கமில்லாத 29 இளம்பெண்களுக்கு ஐந்தே நாள்கள் உணவையும் பயிற்சியையும் அளந்து கொடுத்தார். உண்ட சக்தியிலிருந்து பயிற்சிக்குச் செலவானதைக் கழித்தால் மிஞ்சுவது எவ்வளவு, அந்த மிச்சம் உடம்பின் கொழுப்பு நீங்கிய எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் எவ்வளவு என்பதே அவருடைய அளவுகோல். நல்ல நிலையில் இது 45 கலோரி அளவில் இருக்கும். 30 கலோரிக்குக் கீழே போனதும் அந்த ஹார்மோன் துடிப்பு தடுமாறத் தொடங்கியது. ஐந்து நாளில்!

இதை நம் ஊர்க் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். 50 கிலோ எடையுள்ள ஒரு பெண். அதில் கொழுப்பு 12 கிலோ என்று வைத்துக்கொண்டால், கொழுப்பு நீங்கிய எடை 38 கிலோ. வேலைக்குப் போகும் அவசரத்தில் காலையில் காப்பி மட்டும். மதியம் பாதித் தட்டுச் சோறு. மாலையில் வீட்டருகே உள்ள பூங்காவில் ஒரு மணி நேர மெதுவோட்டம். இரவில் காய்கறிக் கலவை. நாள் முழுதும் சாப்பிட்டது 1,500 கலோரி, ஓட்டத்துக்குச் செலவு 400 கலோரி என்றால் மிச்சம் 1,100. அதை 38ஆல் வகுத்தால் 29. கோட்டுக்குக் கீழே! இவர் பட்டினி கிடக்கவில்லை. மெலிந்து எலும்பாகவும் இல்லை. பார்ப்பவர்கள், "எவ்வளவு கட்டுக்கோப்பாக இருக்கிறார்" என்று பாராட்டவும் செய்வார்கள். இந்த 30 என்பது எல்லாப் பெண்களுக்கும் கல்லில் வெட்டிய கோடு அல்ல என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. ஒருவருக்கு 33இலேயே தடுமாறலாம், இன்னொருவருக்கு 27 வரை தாக்குப்பிடிக்கலாம். ஆனால் பற்றாக்குறை கூடக் கூட ஆபத்தும் கூடுகிறது என்பதில் மாற்றுக் கருத்து இல்லை.

அடுத்த சான்று குரங்குகளிடமிருந்து வந்தது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் காட்டோரச் சாலைகளில் நெகிழிப் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுமே, அந்த நீண்ட வால் குரங்கு இனம்தான். அமெரிக்காவில் நான்சி வில்லியம்ஸ், ஜூடி கேமரன் ஆகியோரின் குழு எட்டுப் பெண் குரங்குகளை ஓடும் இயந்திரத்தில் பழக்கியது. நாளுக்கு 12 கிலோமீட்டர் அளவுக்கு ஓட்டம். உணவு கூட்டப்படவில்லை. மாதங்கள் செல்லச் செல்ல எட்டுக்கும் மாதவிடாய் நின்றது. எடை பெரிதாகக் குறையவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பிறகு நான்கு குரங்குகளுக்கு ஓட்டத்தைக் குறைக்காமலே உணவை மட்டும் கூட்டினார்கள். நான்கிற்கும் மாதவிடாய் திரும்பியது. அதிகம் சாப்பிட்டதற்கு விரைவாக, ஏறக்குறைய இரண்டு வாரத்தில். குறைவாகச் சாப்பிட்டதற்கு இரண்டு மாதத்தில். 2001இல் இந்த முடிவு வெளியானபோது விவாதம் பெரும்பாலும் ஓய்ந்தது.

குரங்குக்குச் சரி, மனிதருக்கு? பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மேரி ஜேன் டி சோசா குழுவினர், பயிற்சி செய்யும், மாதவிடாய் ஒழுங்கற்ற 76 பெண்களிடம் 12 மாத ஆய்வு நடத்தி 2021இல் வெளியிட்டனர். ஒரு பிரிவினரின் அன்றாட உணவில் சுமார் 300 கலோரிக்குச் சற்றுக் கூடுதலாகச் சேர்க்கப்பட்டது. பயிற்சியை நிறுத்தச் சொல்லவில்லை. அந்தப் பிரிவில் மாதவிடாய் வருவதற்கான வாய்ப்பு மற்ற பிரிவைவிட ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. 300 கலோரி என்பது மலை அல்ல. இரண்டு இட்லி, கொஞ்சம் சாம்பார், ஒரு வாழைப்பழம், அவ்வளவுதான். ஆனால் அதைச் சாப்பிட அஞ்சும் அச்சம் நம் வீட்டுப் பெண்கள் பலருக்கும் புதிதல்ல.

எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதோடு எப்போது சாப்பிடுகிறோம் என்பதும் பார்க்கப்பட்டது. நீண்ட தூர ஓட்டம் போன்ற விளையாட்டுகளில் ஈடுபடும் வீராங்கனைகளை ஆராய்ந்த 2018ஆம் ஆண்டு ஆய்வு, ஒரு நாளின் மொத்தக் கணக்கு சரியாக இருந்தாலும், பகலில் பல மணி நேரம் பற்றாக்குறையில் இருந்தவர்களுக்கு மாதவிடாய்க் கோளாறு கூடுதலாக இருந்ததைக் கண்டது. காலைப் பசியாறலை விட்டுவிட்டு இரவில் ஒரேயடியாக ஈடுகட்டும் பழக்கம் இங்கே நினைவுக்கு வரும். அதிகாலை ஓட்டத்துக்கு முன் ஒரு பழமோ ரொட்டியோ, முடித்ததும் தாமதிக்காமல் சோறோ தோசையோ முட்டையோ எடுத்துக்கொள்வது விளையாட்டு வீராங்கனைக்கு மட்டும் உரிய ஆடம்பரம் அல்ல.

பள்ளி விளையாட்டுக் குழுக்களில் இருக்கும் மகள்களின் பெற்றோருக்கு இங்கே ஒரு வார்த்தை. மாதவிடாய் நின்றால் "கடுமையாகப் பயிற்சி செய்கிறாள்" என்று பெருமைப்படும் பயிற்றுநர்கள் எல்லா நாட்டிலும் இருந்தார்கள். அது பெருமையல்ல. மாதவிடாய் நிற்கும்போது ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு கரைகிறது. 1984இல் பார்பரா டிரிங்க்வாட்டர் குழுவினர் மாதவிடாய் நின்ற 14 வீராங்கனைகளின் முதுகெலும்பை அளந்தனர். அவர்களின் சராசரி வயது 25. எலும்பின் அடர்த்தியோ 51 வயதுப் பெண்ணுக்கு உரியது. குழந்தை பெறும் எண்ணம் பத்தாண்டு கழித்து வரட்டும். எலும்பு அதுவரை காத்திருப்பதில்லை. அனைத்துலக ஒலிம்பிக் மன்றம் இந்தச் சக்திப் பற்றாக்குறையை ஒரு தனி நோய்நிலையாகவே 2014இல் அறிவித்து, 2023இல் வழிகாட்டியைப் புதுப்பித்தது.

இதுவரை கேட்டவர்கள், "அப்படியானால் பயிற்சியே வேண்டாம், நன்றாகச் சாப்பிட்டால் போதும்" என்று முடிவுகட்டிவிடக் கூடாது. நம்மவரிடையே பற்றாக்குறையைவிட மிகுதிதான் பெரிய சிக்கல். ரொட்டி சானாயும் தே தாரிக்கும் தினப்படி உணவாகிவிட்ட நாட்டில் அதை விளக்க வேண்டியதில்லை. எடை கூடும்போதும் கருமுட்டை வெளிவருவது தடைப்படுகிறது. இங்கே வழி வேறு. இன்சுலின் மிகுந்து, அது முட்டைப் பையை ஆண் ஹார்மோன் கூடுதலாகச் சுரக்கத் தூண்டுகிறது. முட்டைப் பை நீர்க்கட்டி நோய் என்று சொல்லப்படுவது இதனோடு நெருங்கிய தொடர்புடையது. தெற்காசிய வம்சாவளிப் பெண்களுக்கு இன்சுலின் எதிர்ப்பு கூடுதல் என்பதால் நமக்கு இது சொந்தக் கவலை. ஆசியர்களுக்கு உடல் நிறைக் குறியீடு 23 தாண்டினாலே கவனம் வேண்டும், 27.5 தாண்டினால் ஆபத்து அதிகம் என்று சிங்கப்பூரும் மலேசியாவும் ஐரோப்பியரைவிடக் குறைந்த எல்லையை வைத்திருப்பதும் இதனால்தான். 155 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு 23 என்பது ஏறத்தாழ 55 கிலோ.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் உடல் பருத்த, குழந்தையில்லாத பெண்களை ஒரு குழுவாகச் சேர்த்து, வாரந்தோறும் பயிற்சியும் உணவு ஆலோசனையும் ஆறு மாதம் கொடுத்தார்கள். 1998இல் வெளியான முடிவின்படி, முழுமையாக முடித்த 67 பேர் சராசரியாக 10 கிலோ இழந்தனர். 60 பேருக்குக் கருமுட்டை வெளிவரத் தொடங்கியது. 52 பேர் கருத்தரித்தனர். மெலிந்த அழகிகளாக மாறவில்லை. பலர் அப்போதும் பருத்தே இருந்தார்கள். முதல் சில கிலோவிலேயே உடம்பு ஒத்துழைக்கத் தொடங்கிவிட்டது.

நேர்மையாகச் சொல்வதென்றால், இந்தக் கதைக்கு மறுபக்கமும் உண்டு. நெதர்லாந்தில் 577 பெண்களிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், கருத்தரிப்புச் சிகிச்சைக்கு முன் ஆறு மாதம் எடை குறைக்க வைத்த பிரிவில், இரண்டு ஆண்டுக்குள் முழுமாதத்தில், இயல்பான பிரசவத்தில், நலமான ஒற்றைக் குழந்தை பெற்றவர்கள் 27 விழுக்காடு. நேரே சிகிச்சைக்குப் போன பிரிவில் 35 விழுக்காடு. சிகிச்சையில்லாமல் இயற்கையாகக் கருத்தரித்தவர்கள் மட்டும் எடை குறைத்த பிரிவில் அதிகம். ஆகவே 38 வயதுப் பெண்ணிடம், "முதலில் 15 கிலோ குறைத்துவிட்டு வாருங்கள்" என்று திருப்பியனுப்புவது அறிவுரை ஆகாது. எடை ஒரு தடை. வயது அதைவிடப் பெரிய தடை.

பயிற்சியின் அளவு பற்றி இரண்டு நாடுகளின் ஆய்வுகள் உதவும். நார்வேயில் 3,887 பெண்களின் பல்லாண்டுத் தகவலை ஆராய்ந்து 2009இல் வெளியிட்டனர். அநேகமாக எல்லா நாளும் பயிற்சி செய்தவர்களுக்குக் கருத்தரிப்பதில் சிரமம் ஏறத்தாழ மூன்று மடங்கு. களைத்து விழும்வரை பயிற்சி செய்தவர்களுக்கும் சிரமம் கூடுதல். மிதமாகச் செய்தவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. சிரமப்பட்டவர்களில் பெரும்பாலோர் பின்னாளில் பிள்ளை பெற்றுக்கொண்டனர் என்பதும் பதிவாகியிருக்கிறது. டென்மார்க்கில் கருத்தரிக்க முயன்ற 3,628 பெண்களைத் தொடர்ந்த 2012ஆம் ஆண்டு ஆய்வு இன்னும் தெளிவானது. ஒல்லியான பெண்கள் வாரம் ஐந்து மணி நேரத்துக்கு மேல் கடும் பயிற்சி செய்தால், கருத்தரிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பருத்த பெண்களுக்குக் கடும் பயிற்சியால் அப்படிக் குறையவில்லை. வேகநடை போன்ற மிதமான பயிற்சி இரு சாராருக்கும் நன்மையே செய்தது. ஒரே அறிவுரையை எல்லாருக்கும் சொல்வது எவ்வளவு தவறு என்பது இங்கே தெரிகிறது.

உணவின் தன்மை பற்றி மிகப் பெரிய தகவல் அமெரிக்கத் தாதியரிடமிருந்து கிடைத்தது. ஹார்வர்டைச் சேர்ந்த ஹோர்ஹே சவாரோ குழுவினர் 17,544 பெண்களின் எட்டாண்டுப் பதிவை ஆராய்ந்து 2007இல் வெளியிட்டனர். கருமுட்டை வெளிவராததால் வரும் மலட்டுத்தன்மை, டிரான்ஸ் கொழுப்பு குறைவாகவும் பருப்பு, பயறு போன்ற தாவரப் புரதம் கூடுதலாகவும் உண்டவர்களிடம் குறைவாகக் காணப்பட்டது. கூர்ந்து பார்த்துக் கண்ட தொடர்பு இது. சோதனை நடத்தி நிரூபித்ததல்ல. இருந்தாலும் பருப்புக் குழம்பும் சுண்டலும் செய்யும் வீட்டுக்கு இதில் நட்டம் ஒன்றும் இல்லை. டிரான்ஸ் கொழுப்பின் முதன்மை மூலமான ஓரளவு ஹைட்ரஜனேற்றம் செய்யப்பட்ட எண்ணெயை சிங்கப்பூர் 2021 ஜூனிலிருந்து தடை செய்துவிட்டது. இரும்புச் சத்து வேண்டிக் கீரை சாப்பிடுபவர்கள் உடனே தேநீர் குடிக்காமல் சற்றுத் தள்ளிக் குடிக்கலாம். தேநீர் அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கிறது. ஃபோலிக் அமிலம் நாளுக்கு 400 மைக்ரோகிராம் என்பதைக் கருத்தரிக்க முயலும்போதே தொடங்க வேண்டும். குழந்தையின் மூளை, முதுகுத்தண்டுக்கான குழாய் கருவான நான்கு வாரத்திற்குள் மூடிக்கொள்கிறது. அப்போது பல பெண்களுக்குத் தாம் கருவுற்றதே தெரிந்திருக்காது.

சிங்கப்பூரில் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தை விகிதம் 2023இல் 0.97க்கு இறங்கியது. அதற்கு ஓடும் காலணியைக் குறைசொல்ல வேண்டியதில்லை. தாமதத் திருமணமும் வீட்டுச் செலவும் வேலை நேரமும் பெரிய காரணங்கள். பிள்ளை வேண்டும் என்று விரும்பியும் மாதவிடாய் வராமல் தவிக்கும் பெண்ணுக்கு, இந்தப் புள்ளிவிவரம் ஆறுதல் தராது.

அவர் செய்ய வேண்டியது என்ன? மூன்று மாதம் தொடர்ந்து மாதவிடாய் வராவிட்டால், அல்லது சுழற்சி 45 நாளுக்கு மேல் இழுத்துக்கொண்டே போனால், மருத்துவரைப் பார்க்க வேண்டும். முதலில் கர்ப்பச் சோதனை. பிறகு தைராய்டு, புரோலாக்டின், முட்டைப் பை ஹார்மோன்கள், ஸ்கேன். "உடற்பயிற்சியால்தான்" என்று தாமே முடிவுகட்டிக்கொண்டு மற்றக் காரணங்களைத் தவறவிடக் கூடாது. ஓராண்டு முயன்றும் கரு தங்கவில்லை என்றால் இருவரும் போக வேண்டும். பெண்ணுக்கு 35 வயதானால் ஆறு மாதம் போதும். மருத்துவரிடம், வாரம் எத்தனை மணி நேரம் பயிற்சி, என்னென்ன சாப்பிடுகிறார், எடை எப்படி ஏறி இறங்கியது என்பதைச் சொல்ல வேண்டும். கேட்காத மருத்துவரிடமும் சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒரு செய்தி. மாதவிடாயை வரவழைக்கச் சிலர் கருத்தடை மாத்திரை எடுத்துக்கொள்கிறார்கள். அதில் வரும் உதிரப்போக்கு மாத்திரையின் வேலை. மூளையின் துடிப்பு திரும்பிவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. இந்த நிலைக்கு மாதவிடாயை வரவழைப்பதற்காக மட்டும் அந்த மாத்திரையைக் கொடுக்க வேண்டாம் என்று அனைத்துலக ஹார்மோன் மருத்துவர் சங்கமான எண்டோகிரைன் சொசைட்டியின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டி சொல்கிறது. மாறாக, உணவைக் கூட்டிப் பயிற்சியைச் சற்றுக் குறைத்தவருக்குத் துடிப்பு திரும்பும்போது, முதலில் வருவது கருமுட்டை. அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான் மாதவிடாய். ஆகவே மாதக்கணக்கில் மாதவிடாய் காணாத பெண், அதைக் காணாமலே கருத்தரித்துவிடவும் கூடும். பிள்ளை வேண்டும் என்பவரும், இப்போது வேண்டாம் என்பவரும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.